முதல் கோரிக்கையை எப்படிப் படிக்கக் கூடாது

சென்ற வாரம் கெடா மாநிலத்து லூனாஸில் எங்கள் பட்டறைக்கு இரண்டு தம்பிகள் வந்தார்கள். நெய்த வலைத்துணியை நுரைத்த ரப்பர் பாலில் முக்கி, சூளையில் வேகவைத்து, தரைக்கம்பளத்துக்கு அடியில் போடும் வழுக்காத விரிப்பு செய்யப் போகிறார்கள். கையில் வேறொருவருடைய பேட்டண்ட் (கண்டுபிடிப்புக்கான தனியுரிமை) நகல். “அண்ணே, நாங்கள் மேலே பருத்தித் துணியும் ஒட்டுகிறோம். அதனால் இது வேறு பொருள்” என்றார்கள். 14 ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தைகள்.

சுருக்கத்தையும் படத்தையும் நம்புவது

அவை விளக்கத்துக்குத்தான். உரிமையின் எல்லையை, பேட்டண்டில் எண்ணிட்டு வரும் கோரிக்கைகளே (‘கிளெய்ம்’) வரைகின்றன.

கூடுதலாக ஒன்றைச் சேர்த்தால் தப்பிவிடலாம் என்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. நான் படித்த முதல் கோரிக்கையில் மூன்று உறுப்புகள் இருந்தன: கண்கள் (துளைகள்) திறந்த நெய்த வலை, அதன் இழைகளைச் சுற்றிப் படிந்த நுரை, நுரை படிந்த பிறகும் மூடாத கண்கள். இவற்றுக்கு முன்னால் ‘கம்ப்ரைசிங்’ என்று ஒரு சொல். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். ‘இவற்றை உள்ளடக்கிய’ என்பது அதன் பொருள். வேறு எதைச் சேர்த்தாலும் அந்த மூன்றும் உள்ளே இருக்கும்வரை அந்த உரிமையின் வேலிக்குள்தான் நிற்கிறோம். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று எழுதியிருந்தால், ‘இவை மட்டுமே’ என்று பொருள்பட்டு, என் பருத்தித் துணி எனக்குக் கைகொடுத்திருக்கக்கூடும்.

துணிச் சுருள்களை வாங்கி, சூளையையும் மாற்றிக் கட்டிய பிறகுதான் பேட்டண்ட் முகவரிடம் போனேன். அவர் பென்சிலால் மூன்று கோடு போட்டு, “இதில் எது உங்கள் விரிப்பில் இல்லை?” என்று கேட்டார். மூன்றும் இருந்தன. அந்தச் சுருள்கள் கிடங்கிலேயே மட்கின.

“சேர்த்ததற்கு நாங்களே பேட்டண்ட் வாங்கிவிட்டால்?” என்று தம்பிகளில் ஒருவர் கேட்டார். வாங்கலாம். அதை வைத்துப் பிறர் உங்களைப் பார்த்துச் செய்வதைத் தடுக்கலாம். முந்தையவரின் வேலியைத் தாண்ட அது அனுமதி தராது. சேர்ப்பதை விட்டுவிட்டு, மூன்றில் எதை நீக்க முடியும் என்று யோசியுங்கள்.

நீக்கியதாகப் பெயர் பண்ணுவது

கண்களை முக்கால்வாசி மூடிவிட்டு ‘திறந்திருக்கவில்லை’ என்று வாதாட எண்ணாதீர்கள். 1980இல் கேட்னிக் வழக்கில், ‘செங்குத்தாக’ என்று கோரிய உத்திரத்தின் பின்தாங்கியை 6, 8 பாகை சாய்த்துச் செய்தவர்கள் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையில் தோற்றார்கள். அச்சொல்லை அந்தத் தொழில் தெரிந்தவர் எந்த நோக்கத்தில் புரிந்துகொள்வார் என்றே சபை பார்த்தது. மலேசிய நீதிமன்றங்களும் அந்த வழியைப் பின்பற்றியிருக்கின்றன.

ஏழாவது கோரிக்கையைப் பிடித்துத் தொங்குவது

அதில் நுரை 3 மில்லிமீட்டர், உங்களுடையது 4 என்பதால் நிம்மதி வேண்டாம். முதல் கோரிக்கையில் கனமே சொல்லப்படவில்லை; அதை மட்டும் மீறினாலும் மீறல்தான்.

நாட்டைப் பார்க்காமல் பயப்படுவது

அமெரிக்காவில் மட்டும் உள்ள பேட்டண்ட் கெடாவில் செய்து ஈப்போவில் விற்பதைத் தடுக்காது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தால் தடுக்கும்.

காலத்தைப் பார்க்காமல் இருப்பது

நம் நாட்டில் பேட்டண்டின் ஆயுள் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள். ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதியாகும். மைஐபிஓ (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) பதிவேட்டில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு சுருள் வாங்குங்கள்.