தரைக்கு அடியில் போடும் கல் நிரப்பு: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஸ்திவாரச் சுவர்கள் எழும்பியதும் அவற்றுக்கு நடுவில் ஒரு பள்ளம் நிற்கும். அதைக் கல் போட்டு நிரப்பி, இறுக்கி, அதற்கு மேல்தான் தரை கான்கிரீட் போடுகிறோம். இந்தக் கல் நிரப்பைத்தான் ஹார்ட்கோர் என்கிறார்கள். அதற்கு என்ன பொருள் வரவேண்டும் என்பதைப் பல வீடுகளில் வீட்டுக்காரரோ பொறியாளரோ முடிவு செய்வதில்லை. லாரிக்காரரிடம் அன்றைக்கு என்ன லோடு இருக்கிறதோ அது வந்து இறங்குகிறது, மறுநாளே மூடப்பட்டுவிடுகிறது. தரையைப் பெயர்க்காமல் அதை வெளியே எடுக்க வழியே கிடையாது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள் என்று சொல்கிறேன்.

முதலில் இடக்குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். இந்த நிரப்பு தரையைத் தாங்கத்தான், சுவரைத் தாங்க இல்லை. பாரம் சுமக்கும் சுவரின் அடிக்கட்டு, தோண்டிய பள்ளத்தில் கலையாத இயற்கை மண்ணின்மேல் உட்கார வேண்டும். அளவுக்கு மீறித் தோண்டிவிட்டார்கள் என்பதற்காக அந்த இடத்தில் உடைகல்லைக் கொட்டி மட்டம் செய்து அதன்மேல் சுவரை எழுப்பினால் ஒரு பக்கம் இறங்கும், சுவரில் விரிசல் விழும். அங்கே கான்கிரீட் போட்டு நிரப்புவதுதான் சரி.

இனி பொருளுக்கு வருவோம். எல்லோரும் செய்யும் பெரிய தவறு, கல் கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. கெட்டித்தன்மை வேண்டும்தான், ஆனால் தரைக்கு அடியில் போன பிறகு அந்தக் கல் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதைவிட முக்கியம். ஈரம் பட்டால் ஊறுமா, கரையுமா, மக்குமா, வீங்குமா? இதில் வீங்குவதுதான் மிக மோசம், ஏனென்றால் இறங்கிய தரையை ஓரளவு சரிக்கட்டலாம், கீழிருந்து தூக்கும் தரையை எதைப் போட்டும் அமுக்க முடியாது.

அயர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2000-க்குப் பிறகு டப்ளினிலும் அதைச் சுற்றியும் கட்டிய ஏராளமான வீடுகளில், குடியேறிச் சில வருடங்கள் கழித்துத் தரை நடுவில் மேடிட ஆரம்பித்தது. கதவுகள் தரையில் இடித்தன, உள் தடுப்புச் சுவர்களில் விரிசல் விழுந்தது. காரணம் குவாரியில் உடைத்து வந்த கல் நிரப்பு. பார்வைக்கு நல்ல கல்தான், ஆனால் அதில் பைரைட் இருந்தது. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. ஷேல் போன்ற அடுக்குக் களிப்பாறைகளில் இது மிக நுண்ணிய துகள்களாகக் கலந்திருக்கும். கல்லை உடைத்து நிரப்பியதும் காற்றும் ஈரமும் பட்டு இது கந்தக அமிலமாகிறது, அந்த அமிலம் அதே கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டோடு சேர்ந்து ஜிப்சத்தை உண்டாக்குகிறது, ஜிப்சப் படிகங்கள் கல்லின் அடுக்குகளுக்கு நடுவே வளர்ந்து நிரப்பு முழுவதையும் பிளந்து உப்ப வைக்கின்றன. 2012-ல் இதற்கென அமைத்த குழு அறிக்கை தந்தது, 2013-ல் தனிச் சட்டமே வந்தது. பாதிக்கப்பட்ட வீடுகளில் ஆட்களை வெளியேற்றி, தரையை உடைத்து, நிரப்பு முழுவதையும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் முடியாது. கல் எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று குவாரியில் கேளுங்கள். அடுக்கடுக்காகப் பிளக்கும் கருத்த களிப்பாறை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கிரானைட் போன்ற கெட்டிப் பாறையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. சந்தேகம் இருந்தால் மொத்தக் கந்தகம், நீரில் கரையும் சல்ஃபேட் இரண்டுக்கும் ஆய்வக அறிக்கை கேளுங்கள். தர மறுக்கிற இடத்தில் வாங்கக் கூடாது.

அடுத்தது இடிபாடு. பழைய கட்டடத்தை இடித்த செங்கல்லும் கான்கிரீட் உடைசலும் சுத்தமாக இருந்தால் நல்ல நிரப்புதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் சுத்தமாக வருவது அபூர்வம். ஜிப்சம் பூச்சு ஒட்டிய துண்டுகள் இருந்தால் அதிலுள்ள சல்ஃபேட் ஈரத்தில் கரைந்து மேலே ஏறி, தரை கான்கிரீட்டிலுள்ள சிமெண்டைத் தாக்கும், கான்கிரீட் உப்பி உதிரும். மரத்துண்டு இருந்தால் மக்கி உள்ளே குழி விழும், கரையானுக்கும் அழைப்பு வைத்த மாதிரி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு கண்ணில் பட்டால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதில் பேரமே வேண்டாம். கம்பி, கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.

இரும்பாலைக் கசடு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எந்தக் கசடு என்று கேளுங்கள். எஃகு உருக்கும்போது வரும் கசடில் வினைபுரியாத சுண்ணாம்பும் மக்னீசியாவும் தங்கியிருக்கும், அவை தண்ணீர் பட்டுப் பல வருடங்கள்வரைகூட வீங்கும். இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையில் வரும் கசடு வேறு வகை, அதில் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. விற்கிறவருக்கே வித்தியாசம் தெரியாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

தோண்டி எடுத்த மண்ணையே திருப்பிப் போடுவதும் சகஜம். மேல்மண்ணில் வேரும் மக்கும் இருக்கிறது, களிமண் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்குகிறது. இரண்டுமே ஆகாது. வரும் கல்லோடு ஒட்டியிருக்கும் பொடி களிமண்ணா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கொஞ்சம் நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. பருமனுள்ள திரியாக உடையாமல் வந்தால் அதில் களி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதேபோல நாலைந்து கற்களை வாளித் தண்ணீரில் ஓர் இரவு போட்டுவையுங்கள். காலையில் சேறாகக் கரைந்திருந்தாலோ விரலால் நொறுங்கினாலோ அது கல் நிரப்புக்கு ஆகாது. இந்தச் சோதனை பைரைட்டைக் காட்டாது, அதை மறக்க வேண்டாம்.

அப்புறம் அளவு. பெரிய பெரிய பாறைத் துண்டுகளைப் போட்டால் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனாலேயே பலருக்கு அது பிடிக்கும். ஆனால் இடையில் பொந்து நிற்கும், மேலே போட்ட மணல் கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறங்கும், தரைக்கு அடியில் வெற்றிடம் உருவாகும். பெரியதும் சிறியதும் கலந்த கல்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஒரே அளவு ஜல்லி அவ்வளவாகப் பூட்டிக்கொள்ளாது, ஆனால் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும். நிலத்தடி ஈரம் அதிகமான மனையில் பொடி இல்லாத ஜல்லி நல்ல தேர்வு. கிரஷர் தூசியாகவே போட்டால் அது ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுவரும்.

எவ்வளவு நல்ல கல்லாக இருந்தாலும் முழு ஆழத்தையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அமுக்கினால் வீண். 150 மி.மீ. அளவுக்கு ஒவ்வொரு அடுக்காகப் போட்டு, லேசாக நனைத்து, ஒவ்வொன்றையும் கம்பாக்டரால் இறுக்க வேண்டும். ஓர் அடுக்கின் கனத்துக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெரிய கல் அதில் இருக்கக் கூடாது. களி கலந்த நிரப்பில் தண்ணீரைத் தேக்கி நிறுத்தினால் இறுகாது, சேறாகும். நிரப்பு 600 மி.மீ.-க்கு மேல் போகிறது என்றால் தரையை அதன்மேல் படுக்க வைக்காமல் சுவரிலிருந்து தாங்கும் தரையாகப் போடலாமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். சுவர்ச் சாந்து இறுகுவதற்கு முன் அதை ஒட்டி இயந்திரம் ஓட்டினால் சுவர் இடம் நகர்ந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரான கல்லின்மேல் நேராக ஈரத்தடுப்பு ஷீட்டை விரிக்கக் கூடாது, கிழியும். 25 முதல் 50 மி.மீ. வரை மணல் பரப்பி மட்டம் செய்து, அதற்கு மேல் விரியுங்கள்.

லோடு சொல்லும்போது இறுகினால் கன அளவு குறையும் என்பதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லுங்கள். கடைசி நேரத்தில் பற்றாக்குறை வந்தால்தான் கையில் கிடைத்ததை உள்ளே தள்ளுவார்கள். முதல் லோடு நன்றாக இருந்தது என்று அடுத்ததைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒவ்வொரு லாரியையும் வெளியே கொட்டச் சொல்லி, கிளறிப் பார்த்த பிறகே பள்ளத்துக்குள் தள்ள விடுங்கள்.