மஞ்சள் கரிசலாங்கண்ணியா, வெடேலியாவா? வாய்க்கால் கரையில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி சாக்குப்பை நிறையக் கொடியைக் கொண்டுவந்து இறக்கினான். "அண்ணே, மஞ்ச கரிசலாங்கண்ணி. வாய்க்கா ஓரம் பூரா இதான் கெடக்கு." பையைப் பிரித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அத்தனையும் வெடேலியா. பாதியைக் கொல்லையில் ஏற்கெனவே நட்டுவிட்டானாம். பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் செய்ததும் அச்சு அசலாக இதேதான்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியைப் பற்றி இங்கே பேசவில்லை. அதன் பூ வெள்ளை. நான்கு நாள் வரப்பில் நடந்தால் கண் பழகிவிடும். சிக்கல், மஞ்சளாகப் பூக்கும் இரண்டுக்குள்தான். நம் ஊர்ச் செடி ஸ்ஃபாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. சித்த மருத்துவத்தில் பொற்றலைக் கையாந்தகரை என்பார்கள். இன்னொன்று, அதாவது வெடேலியா, ஸ்ஃபாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. வெப்பமண்டல அமெரிக்கச் செடி, தரையை மூடிப் படரும் அழகுக்காகக் கொண்டுவந்தது. இரண்டும் ஈர மண்ணில் படரும், கணுவுக்குக் கணு வேர்விடும், தனித்தனிக் காம்பில் மஞ்சளாகப் பூக்கும்.

பெயரை நம்புவது

நர்சரியில் 'வெடேலியா' என்றால் அமெரிக்கச் செடி. ஆனால் பழைய தாவர நூல்களில் நம் செடிக்கும் வெடேலியா சைனென்சிஸ் என்றுதான் பெயர். 1996-இல்தான் இரண்டையும் ஸ்ஃபாக்னெட்டிகோலாவுக்கு மாற்றினார்கள். ஆகவே பெயரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இதழை எண்ணுவது

வீண் வேலை. இரண்டிலும் எட்டு, ஒன்பது, பத்து என்று வரும்.

ஒரே ஒரு இலையைக் கிள்ளிப் பார்ப்பது

இலைதான் சரியான அடையாளம், ஆனால் ஒற்றை இலை போதாது. வெடேலியா இலை நுனிப்பக்கம் அகன்று, நடுமடலுக்கு இரண்டு பக்கமும் தோள் தூக்கினாற்போல ஒவ்வொரு மடலோடு இருக்கும் (மடல் என்பது இலை பிரிந்து துருத்தி நிற்கும் பகுதி). ட்ரைலோபேட்டா என்றால் மூன்று மடல் உள்ளது என்றே பொருள். விளிம்பில் ஒழுங்கில்லாத பற்கள், மேலே ஒரு பளபளப்பு. நம் செடியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடலே கிடையாது. விளிம்பு வழவழவென்று ஓடும், அல்லது பக்கத்துக்கு ஒன்றிரண்டு சின்னப் பல், அவ்வளவுதான்.

ஏமாற்றம் எங்கே வருகிறது என்றால், வெடேலியாவின் இளந்தளிரிலும் சில கிளைகளிலும் மடல் தெரியாது. அந்த இலை கையில் சிக்கினால் அனுபவசாலியும் தடுமாறுவான். கொடியை ஒரு கை நீளத்துக்கு இழுத்து, வேர்ப்பக்கம் தொடங்கி நுனி வரை பத்து இலையாவது பாருங்கள். ஒன்றில் தோள் தெரிந்தாலும் அது வெடேலியா.

அடையாளம் தெரியாமல் கரையில் நடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. எங்கள் வாய்க்காலில், மதகுக்குக் கீழே பாய் விரித்த அளவுக்கு நிஜமான மஞ்சள் கரிசலாங்கண்ணி இருந்தது. மெல்லிய காம்பு இலைக்கு மேலே நெட்டென்று எழும்பி, ஒவ்வொரு காம்பிலும் ஒரே பூவாக நிற்கும். அதைப் பெருக்கலாம் என்ற ஆசையில், மூலிகை நாற்று விற்கும் இடத்தில் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று எழுதி வைத்திருந்த பத்துத் தொட்டிகளை வாங்கி, மதகின் இரண்டு பக்கமும் நட்டேன். தழைத்து வந்ததைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் இலையை ஊன்றிப் பார்த்தேன்.

அதற்குள் கரை முழுக்க முழங்கால் உயரத்துக்கு மெத்தை போட்டாற்போல் மூடிவிட்டது. பழைய செடி அடியில் வெளிச்சமில்லாமல் அழுகிக் கிடந்தது. கூடவே வல்லாரையும் பொடுதலையும் போயின. பிடுங்கப் பிடுங்க, மண்ணில் தங்கிய ஒரு கணு போதும், மறுபடி துளிர்க்கும். மூன்று வருடம் பிடுங்கினோம். தண்ணீரோடு போன துண்டுகள் எத்தனை கரையில் ஒதுங்கி வேர்விட்டனவோ, அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் இந்தச் செடியும் இருக்கிறது. தென் சீனாவில் இரண்டு செடிகளும் அருகருகே வளர்ந்து கலப்பினமே உருவாகிவிட்டது.

விற்றவர் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் மருந்துச் செடி என்று பெயர் எழுதி விற்பவர் இலையைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். வாங்கிய நானும் பார்த்திருக்க வேண்டும். இப்போது யார் நாற்றுக் கொடுத்தாலும் முதலில் தொட்டியிலேயே ஒரு பருவம் வளர்க்கிறேன். முற்றிய இலை வந்த பிறகுதான் மண்ணில் இறக்குவேன்.

பிடுங்கியதை வாய்க்காலில் வீசுவது

கூடவே கூடாது. சிமென்ட் தரையில் சருகாகும்வரை காயவைத்து எரியுங்கள்.

சந்தேகத்தோடு கீரையாகச் சமைப்பது

வேண்டாம்.

மிச்சமிருப்பதை அடியோடு அரிவது

நிஜமான செடி கிடைத்தால் நுனியை மட்டும் கிள்ளுங்கள். எங்கள் மதகடியில் இந்த வருடம் இரண்டு முழ நீளத்துக்குத் திரும்ப வந்திருக்கிறது. தம்பியை அங்கேதான் கூட்டிப்போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தான். அன்று சாயந்தரமே கொல்லையில் நட்டதைத் தோண்டப் போய்விட்டான்.