போர்க்கால டியூட்டிக்கு முதல் தடவை கப்பல் ஏறுகிறாயா?

ராயபுரத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் நேவியில் சேர்ந்து பயிற்சி முடித்துவிட்டான், அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறான். "சண்டைனு வந்தா எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டான். 1999 கார்கில் சமயத்தில் ஆபரேஷன் தல்வார் என்ற கடற்படை நடவடிக்கைக்காகக் கிழக்குக் கடற்படைக் கப்பல்களையும் அரபிக்கடலுக்கு அனுப்பினார்கள், அதில் ஒன்றில் நான் இருந்தேன். எங்கள் கப்பல் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆனால் இப்போதா அப்புறமா என்று காத்துக்கொண்டே இருப்பது இருக்கிறதே, அதற்குத்தான் பழக வேண்டும். அவனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன், அதனால் 'நீ' என்றே வரும்.

தூக்கம்தான் முதல் பாடம். சாதாரண நாளில் நாலு மணி நேர வாட்ச், அதாவது முறை வைத்துப் பார்க்கிற டியூட்டி, மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரிப்பார்கள், ஒரே ஆளுக்குத் தினமும் நடுராத்திரி வாட்ச் விழாமல் இருக்கத்தான் அது. போர் நிலையில் இந்தக் கணக்கெல்லாம் கலைந்துவிடும். இருபது நிமிடம் கிடைத்தாலும் படுத்துவிடு, உடுப்போடு படு. ஷூவை லேஸ் தளர்த்தி, முனை வெளியே பார்க்கிற மாதிரி தினமும் ஒரே இடத்தில் வை. முதல் ராத்திரி அலாரம் அடித்தபோது பக்கத்துப் படுக்கைக்காரன் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினேன், இரண்டு சைஸ் சின்னது.

ஓடும்போது மேலேயும் முன்பக்கமும் போகிறவன் ஸ்டார்போர்டு பக்கம், அதாவது வலது. கீழேயும் பின்னாலும் போகிறவன் போர்ட் பக்கம், இடது. மாறி ஓடினால் ஏணியில் மண்டை மோதும். தண்ணீர் புகாத கதவைத் தாண்டியதும் மூடி, எல்லா கிளிப்பையும், அதாவது தாழ்ப்பாளையும், போடு, பின்னால் வருகிறவன் போடுவான் என்று விட்டால் தண்ணீர் அவனுக்காகக் காத்திருக்காது.

நைலான் பனியன், பாலியஸ்டர் எதுவும் வேண்டாம், தீப்பிழம்பு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திதான். வெடிப்புத் தீயிலிருந்து காக்கிற ஆன்டி ஃபிளாஷ் முகமூடியும் கையுறையும் புழுங்கும்தான், கழற்றாதே.

ராத்திரியில் வெளிச்சம் கசியக் கூடாது. சிகரெட், செல்போன், எதுவும். மெட்ராஸ்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு வந்தது, நம் ஊரோ விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது, துறைமுகத்தின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. ஹைகோர்ட் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பார்.

வாந்தி வரும். ஜூன் மாத அரபிக்கடல் காசிமேட்டு அலை மாதிரி இல்லை. வெறும் வயிற்றோடு இருக்காதே, காய்ந்த சப்பாத்தியைக் கடித்துக்கொள், முடிந்தால் மேல்தளத்தில் நின்று அடிவானத்தைப் பார். கேலியில் வாங்கிய டீ டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பாதே. கேலி என்றால் கிண்டல் இல்லை, சமையலறை! குளியலுக்கு உடம்பை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, அலசு, அவ்வளவுதான் தண்ணீர்.

கடைசியாக வீடு. கிளம்பும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிடு, வாரக்கணக்கில் போன் வராது, எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும் சொல்லமாட்டாய் என்று. கடிதம் எழுதுகிற வீடென்றால் உறையில் எண் போடச் சொல், கட்டாகத்தான் வந்து சேரும், வரிசையில் வராது. என் அம்மா ஒன்றில், "போன தடவை எழுதிய விஷயம் நல்லபடியாக முடிந்தது, கவலைப்படாதே" என்று எழுதியிருந்தார். என்ன விஷயம் என்று தெரியாமல் ஒரு மாதம் வாட்ச் பார்த்தேன். அப்புறம்தான் முந்தைய கடிதம் வந்தது, அப்பாவுக்குக் கண் ஆபரேஷனாம்.