பழைய மரத் தாழ்வாரம், வெளிப்படிக்கட்டு: ரிப்பேரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்ததும் ராயபுரம், மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் மர வேலை சூடு பிடிக்கும். மழைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், புதிதாக வேலைக்கு வருகிறவர்களும் வீட்டுக்காரர்களும் வருஷா வருஷம் அதே தவறுகளைச் செய்கிறார்கள். ஆடுகிற படியை இறுக்குவது, கரையானுக்கு மருந்து அடிப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுவோம்.

தூணின் அடியில் சிமெண்ட் கட்டுவது

எத்தனை தடவை சொன்னாலும் நிற்காத தவறு இது. தாழ்வாரத் தூணின் அடி உளுத்திருக்கும். சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்குப் பலகை அடைத்து, ஜல்லிக் கலவையைக் கொட்டி, மேலே பூசி, "தூண் கெட்டியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் மிச்சமிருக்கும் நல்ல மரத்தையும் கெடுப்பது அந்தக் கலவைதான்.

வெயிலில் மரம் சுருங்கும்போது மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி விழும். தூணில் வழிகிற மழைத்தண்ணீர் முழுக்க அதில் இறங்கும். வெளியேற வழி கிடையாது. தூணின் அடி வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். கரையானும் சிமெண்டின் மறைவிலேயே ஏறுவதால், அது கட்டிக்கொண்டு ஏறும் மண் கோடு கண்ணில் படாது. தேக்குதானே என்ற தைரியம் வேண்டாம். கரையான் எளிதில் தொடாதது தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரத்தை மட்டும்தான், ஓரத்து வெள்ளையைத் தின்றுவிடும்.

பழைய ஆசாரிகள் தூணைக் கருங்கல் பீடத்தின் மேல் நிறுத்தியது இதற்காகத்தான். பிறகு தெருவுக்குத் தார் போடப்போட மட்டம் ஏறியது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வீட்டுக்காரர்கள் தரையை உயர்த்தினார்கள், மேலே டைல்ஸும் ஒட்டினார்கள். பீடம் புதைந்துபோய் மரம் தரையைத் தொட்டுவிட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற தெருவில் உங்கள் வீடு இருந்தால், அடைத்துப் பூசிய தூண்களை இந்த மழைக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

சிமெண்டும் மரமும் சேரும் இடத்தில் திருப்புளியைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் குத்துங்கள். நல்ல தேக்கில் முனை மட்டும்தான் பதியும். அரை அங்குலம் இறங்கினால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரியான ரிப்பேர் முட்டில் தொடங்குகிறது. தூணுக்கு இரு பக்கமும் உத்திரத்துக்கு அடியில் இரும்பு ஜாக்கி கொடுங்கள். ஜாக்கிக்கு அடியில் 2 அங்குலப் பலகை போடுங்கள். சுமையை வாங்கும் வரை முறுக்கினால் போதும். தொய்ந்த உத்திரத்தை ஒரே மூச்சில் மட்டத்துக்குத் தூக்கினால் மேலே மெட்ராஸ் டெரஸின் (மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய தளம்) செங்கல் விரிசல் விடும். அதன்பிறகு சிமெண்டை உடைத்து, உளுத்த இடத்துக்கு மேலே இன்னும் ஒரு அடி நல்ல மரத்தையும் சேர்த்து அறுத்துவிடுங்கள். உளுப்பு கீழோடு நின்றிருந்தால் தரைக்கு மேல் 6 அங்குலமாவது நிற்கும் கருங்கல்லே அந்த இடத்தை நிரப்பும். மேலே ஏறியிருந்தால் அதே ஜாதி மரத்தை ஒட்டுப்போட வேண்டும்: ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளம் தூணின் தடிமனைப்போல் மூன்று மடங்கு, குறுக்கே 12 மி.மீ. போல்ட். அடி வெட்டுமுகத்தில் எபாக்சி பூசி, கல்லில் பதித்த 16 மி.மீ. ஸ்டெய்ன்லெஸ் கம்பியில் உட்கார வையுங்கள். சுற்றிலும் காற்று போக வேண்டும். எந்தக் கலவையும் மரத்தைத் தொடக்கூடாது.

ஒரு படிப்பலகையை மட்டும் தடிமனாகப் போடுவது

தேய்ந்த பழைய பலகை ஒரு அங்குலம், புதியது ஒன்றரை. அந்தப் படிக்கு ஏறும் உயரம் அரை அங்குலம் கூடும், அடுத்த படிக்கு அரை அங்குலம் குறையும். ஆக, அடுத்தடுத்த இரண்டு படிக்குள் ஒரு அங்குல வித்தியாசம். இடுப்பில் 15 லிட்டர் குடத்தோடு ஏறுகிறவருக்குப் படி கண்ணுக்கே தெரியாது, கால் பழகிய கணக்கில்தான் போகும். வித்தியாசம் 10 மி.மீ.க்குள் அடங்கும்படி புதுப் பலகையின் இரு முனைகளையும் அடிப்பக்கம் இழைத்து உட்கார வையுங்கள்.

கடற்காற்றில் சாதா ஆணி

துரு வீங்கி மரத்தைப் பிளக்கும். 316 கிரேடு ஸ்டெய்ன்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள். 304-இலும் துருப்புள்ளி விழும். நீளம் பலகைத் தடிமனைப்போல் இரண்டரை மடங்கு. முதலில் துளை போடாமல் முறுக்காதீர்கள், பழைய தேக்கு வெடிக்கும்.

கழிவு ஆயில் பூசுவது

வேண்டாம். வழுக்கும், தீயும் பிடிக்கும்.

மாடித் தாழ்வாரத்தில் தண்ணீர் டிரம்

200 லிட்டர் என்றால் ஒரே இடத்தில் 200 கிலோ. கீழே இறக்குங்கள்.

பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்ப்பது

பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) இருக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. நனைத்துச் சுரண்டுங்கள், தூளை ஷீட்டில் பிடித்துக் கட்டுங்கள். வேலை நடக்கும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கக்கூடாது.

கைப்பிடியைச் சுவரில் பிளக் போட்டு மாட்டுவது

சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. சும்மா ஆட்டிப் பார்த்தால் உறுதியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். ஒருவர் தடுமாறி முழு எடையையும் போட்டால் காரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். சுவரைத் துளைத்து போல்ட்டை மறுபக்கம் எடுத்து, அங்கே 4 அங்குலச் சதுரத் தகடு வைத்து முறுக்குங்கள். மறுபக்கம் அடுத்த வீடு என்றால் சுவரைத் தொடவே வேண்டாம். கைப்பிடிக்குத் தனிக்கால் கொடுத்து, படியைத் தாங்கும் பக்கப் பலகையோடு காலுக்கு இரண்டு போல்ட் போட்டு நிறுத்துங்கள்.