ஆன் ஆகாத லேப்டாப்பில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னது?

வண்ணாரப்பேட்டையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்து 16 வருடம் ஆகிறது. இப்போது வேலை கற்றுக்கொள்ள இரண்டு பசங்க வருகிறார்கள். ஒருவன் கொருக்குப்பேட்டை, இன்னொருவன் வியாசர்பாடி. இருவரும் கெட்டிக்காரர்கள். போன வாரம் ஆன் ஆகாத லேப்டாப் ஒன்றை மேஜையில் வைத்ததும், சின்னவன் அடிமூடியைக் கழற்றி நேராகத் திரைக்குப் போகும் டிஸ்ப்ளே கேபிளில் விரலை வைத்தான். "கையை எடுடா" என்று கத்திவிட்டேன். அவன் பயந்துபோனான். அதே கேபிள், அதே அவசரம். 2017-ல் நான் செய்தது அப்படியே கண்முன் வந்து நின்றது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். சுவிட்ச் போட்டிருக்கிறதா, பின் சரியாகச் செருகியிருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம். ஆன் ஆகாத லேப்டாப்பில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பார்க்காமலே "டெட்" என்று சொல்வது

பட்டனை அழுத்தினால் லைட்டே வரவில்லை என்பது ஒரு நோய். லைட் வருகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்பது வேறு நோய். கம்பெனி லோகோ வந்து அங்கேயே நிற்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு.

திரை கறுப்பாக இருந்தால் மூடியைக் கழற்றும் முன் இரண்டு சோதனை போதும். கேப்ஸ் லாக்கை அழுத்தி அதன் லைட் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பெரும்பாலும் உள்ளே உயிர் இருக்கிறது. அப்புறம் போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட்டுக்கு, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்குக்கு, மட்டும்தான் கோளாறு. லைட்டோ பீப் சத்தமோ விட்டு விட்டு வந்தால் எத்தனை தடவை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ரேமா, போர்டா என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வேறு, மாடலைப் பார்த்துத்தான் தேட வேண்டும்.

பேட்டரியைக் கழற்றாமல் உள்ளே கை வைப்பது

முன்பெல்லாம் லேப்டாப்பைத் திருப்பி, தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இன்று பேட்டரி உள்ளேயே இருக்கிறது, போர்டில் கனெக்டர் மாட்டியபடி. சார்ஜரைப் பிடுங்கிவிட்டோம், லேப்டாப்பும் ஆஃப், இனி பயமில்லை என்று மனசு நம்பிவிடுகிறது. சின்னவனும் அதைத்தான் கேட்டான்: "அண்ணா, அதான் ஆனே ஆவலையே, கரண்ட் எங்க இருக்கு?"

மல்டிமீட்டரை டிசி 20-ல் வைக்கச் சொன்னேன். கறுப்பு முனை யூஎஸ்பி போர்ட்டின் தகரத்தில், சிவப்பு முனை டிஸ்ப்ளே கனெக்டருக்குப் பக்கத்தில் எள்ளளவு இருக்கும் பேக்லைட் ஃபியூஸின் மேல். 11.6 வோல்ட் காட்டியது. சார்ஜர் இல்லை, பட்டனை யாரும் தொடவில்லை, ஆனால் பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. பல மாடல்களில் இப்படித்தான். சார்ஜரும் மாட்டியிருந்தால் 19 வோல்ட் வரை போகும்.

அந்தக் கனெக்டரில் பின்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்கும். ஒரு ஓரத்துப் பின்களில் பேக்லைட் கரண்ட். அதே வரிசையில் சற்றுத் தள்ளி, பிராசசரிலிருந்து படத்தைக் கொண்டுவரும் பின்கள். அவை ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னலுக்குப் பழகியவை. கேபிளை நேராக இழுக்காமல் கோணலாக இழுத்தால் ஓரத்துக் கரண்ட் பக்கத்துப் பின்னுக்குத் தாவும். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸோடு போகும். இல்லாவிட்டால் பிராசசர் காலி. இப்போதைய லேப்டாப்புகளில் பிராசசரைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருக்கிறார்கள், ஆகவே போர்டும் காலி.

2017-ல் எனக்கு அதிர்ஷ்டம் இல்லை. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றின் பில் போடும் லேப்டாப். தீபாவளிக்குப் பத்து நாள். திரை வரவில்லை என்று முதலாளியே தூக்கிக்கொண்டு வந்தார். ரேமைக் கழற்றி, ரப்பர் போட்டுத் துடைத்து மாட்டியிருந்தால் முடிந்திருக்கும், 300 ரூபாய் வேலை. நான் முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டு இழுத்தேன். ஊசிமுனை அளவுக்கு ஒரு பொறி. சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கருகல் வாசனை மட்டும் மூக்கில் ஏறியது. அதுவரை சுற்றிக்கொண்டிருந்த ஃபேனும் அதற்குப் பிறகு சுற்றவே இல்லை.

ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து, அதே மாடல் போர்டு 14,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்டுக்கொடுத்தேன். என் கைக்காசு. அந்த இரண்டு நாளும் அவர் கடையில் கையால் பில் எழுதினார்கள், வாசல் வரை கூட்டம் நின்றது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றும் அந்தப் பக்கம் போனால் எனக்கு மனசு உறுத்தும்.

சரியான வரிசை இதுதான். சார்ஜரை எடு. மூடியைக் கழற்று. வேறு எதையும் தொடாமல் பேட்டரி கனெக்டரை முதலில் விடுவி. சில மாடலில் மேலே தூக்க வேண்டும், சிலதில் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், ஆகவே உற்றுப் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் முனையால் எடு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதே. அப்புறம் பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் தங்கிய மிச்சக் கரண்டும் வடிந்துவிடும். அதன் பிறகுதான் ரேம், கேபிள், ஹார்ட் டிஸ்க் எல்லாம். மாட்டும்போது பேட்டரி கடைசி. "ஒரே ஒரு ரேம்தானே" என்றாலும் இதே வரிசைதான். ஆகும் நேரம் ஒரு நிமிஷம்.

போன் சார்ஜரைச் செருகிவிட்டு "ஏறவில்லை" என்பது

டைப்-சி ஓட்டை ஒன்றாக இருந்தால் சார்ஜரும் ஒன்றாகிவிடாது. பெரும்பாலான லேப்டாப்புக்கு 20 வோல்ட் தரும் 45 அல்லது 65 வாட் சார்ஜர் வேண்டும்.

நனைந்த லேப்டாப்பை ஆன் செய்து பார்ப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன வாரம், எங்கள் கடை வாசலில் சேறு காய்வதற்குள் நனைந்த லேப்டாப்புகள் வரிசையாக வந்தன. கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் "காலையில ஆன் ஆச்சு சார், அப்புறம் நின்னுபோச்சு" என்றார்கள். அந்தக் காலைதான் போர்டைத் தின்றது. ஈரமும் கரண்டும் சேர்ந்தால் செம்பு அரித்துப்போகும். ஆஃபில் இருந்தாலும் பேட்டரி மாட்டியிருக்கும்வரை அந்த அரிப்பு நிற்காது. நனைந்தால் பட்டனைத் தொடாமல், அன்றைக்கே பேட்டரி கனெக்டரை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அரிசி டப்பா

நனைந்த லேப்டாப்பை அரிசிக்குள் வைப்பது வேண்டாம். அரிசி போர்டுக்குள் இருக்கும் உப்பையும் சேற்றையும் எடுக்காது.

போர்டுக்கு ஹீட் கன் காட்டுவது

சூடான காற்றை ஊதும் அந்தக் கருவியைக் காட்டினால் இரண்டு வாரம் ஓடும். அப்புறம் ஓடாது.

ரெக்கவரி கீ கேட்காமல் சிமாஸ் பேட்டரியைப் பிடுங்குவது

நாணயம் போன்ற அந்தச் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில லேப்டாப் ஆன் ஆகிவிடும், உண்மைதான். ஆனால் அப்போது பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் மென்பொருள்) அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், விண்டோஸ் உள்ளே விடாமல் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். புது லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே இந்தப் பூட்டு தானாக விழுந்திருக்கும். உரிமையாளருக்கே தெரியாது. கீ அந்தக் கணக்கில்தான் இருக்கும், கீயும் கிடைக்காமல், அந்தக் கணக்குக்குள் மறுபடி நுழையவும் வழி இல்லாவிட்டால், டிஸ்க்கில் உள்ளதை எடுப்பது கிட்டத்தட்ட முடியாது. போன வருடம் ஒரு பெண்ணின் கல்லூரி ப்ராஜெக்ட் இப்படித்தான் போனது, லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அதற்குப் பிறகு எங்கள் ரசீதில், பெயர், போன் நம்பருக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "ரெக்கவரி கீ எடுத்தாச்சா?" அதில் டிக் விழாமல் பசங்க ஸ்க்ரூவில் கை வைப்பதில்லை.