பிக்யூனியரி: நோட்டீஸில் இந்தச் சொல் வந்தால் எப்படிப் படிப்பது?

பாளையங்கோட்டை கோர்ட்டுப் பக்கம் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். கட்சிக்காரர்கள் தபாலில் வந்த தாளை நீட்டி, "அண்ணாச்சி, பிக்யூனியரின்னு போட்டிருக்கே, ஏதும் வில்லங்கமா?" என்று கேட்பார்கள். வில்லங்கம் ஒன்றுமில்லை. 'பணம் சார்ந்த' என்று பொருள். உச்சரிக்கும்போது 'க்யூ'வில் அழுத்தம் கொடுங்கள்.

சொல்லைத் தனியாக முறைத்துப் பார்க்காமல், அடுத்து நிற்கும் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். 'ஜூரிஸ்டிக்ஷன்' வந்தால், எத்தனை ரூபாய் மதிப்பு வரையிலான வழக்கை அந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 6ஆவது பிரிவின் தலைப்பே அதுதான். 'லாஸ்' வந்தால், ரூபாயில் கணக்குப் போடக்கூடிய நட்டம். விபத்து வழக்கில் ஆஸ்பத்திரி பில், போன சம்பளம் எல்லாம் இதில் சேரும். பட்ட வலியும் வேதனையும் 'நான்-பிக்யூனியரி' வகை; இந்த 'நான்' ஆங்கிலத்தில் 'அல்லாத' என்று பொருள்படும் முன்னொட்டு. அதற்கும் இழப்பீடு ரூபாயில்தான் கிடைக்கும், ஆனால் பில் காட்டி நிரூபிக்க வழியில்லை. சந்தேகம் வந்தால், "இதற்கு ரசீதோ சம்பளச் சீட்டோ காட்ட முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் சரியாக வரும்.

மறக்காமல் இருக்க வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். லத்தீனில் 'பெக்குஸ்' என்றால் கால்நடை. அதிலிருந்து 'பெக்கூனியா', அதாவது பணம். மந்தையே சொத்தாக இருந்த காலம். மேலப்பாளையம் சந்தையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழிலும் மாடு என்றால் செல்வம்தான். 'மாடல்ல மற்றை யவை' என்று 400ஆவது குறள் முடிகிறது. அது தமிழ் தானே கண்ட வழி. ஆனால் வடமொழி வழியாக நமக்கு வந்த 'பசு' இருக்கிறதே, அது பெக்குஸுக்கு நிஜமான சொந்தம். 'பெக்யூலியர்' கூட இதே வேர்தான்: ஒருவருக்கே உரிய சொத்து என்பதிலிருந்து ஒருவருக்கே உரிய குணம், அப்புறம் விசித்திரம் என்று போய்விட்டது.

எழுதும்போது அடக்கி வாசியுங்கள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவில் 'பண உதவி' என்றாலே போதும். பாங்க், பட்ஜெட் சங்கதிக்கு 'ஃபைனான்ஷியல்'. கைமாத்துக் கேட்கும் கடிதத்தில் பிக்யூனியரி போட்டால் சிரிப்பார்கள், காசும் வராது.

'இம்பெக்யூனியஸ்' என்றால் கையில் காசில்லாதவர். கோர்ட்டுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் போடும் மனுவில் மட்டும் இதை எழுதிவிடாதீர்கள். மேலே சொன்ன உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 33இல் உள்ள சொல் 'இன்டிஜென்ட்'. 1976 திருத்தத்துக்கு முன்பு 'பாப்பர்' என்று இருந்தது. பழைய படிவத்தைப் பார்த்து டைப் அடிக்கிறவர்கள் அதையே இறக்கிவிடுவார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.