பழைய போனைக் கொடுப்பதற்கு முன்

பழைய ஆண்ட்ராய்டு போனைச் சென்னை ரிச்சி தெருவிலோ பக்கத்துக் காயலான் கடையிலோ போடப் போகிறீர்களா? முதலில் செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள். அப்புறம் ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் இருக்கிற எல்லாவற்றையும் அழிப்பது. கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், போன் மறுபடியும் உங்கள் கணக்கைத்தான் கேட்கும். வேறு யாரும் அதைத் திறக்க முடியாததால், நன்றாக ஓடுகிற போன்கூட டிஸ்ப்ளே, கேமரா என்று உதிரியாகப் பிரிக்கப்பட்டுவிடும். எனக்கு அதுதான் மனசு ஆறாது. ஐபோன் என்றால், தொலைந்த போனைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணையுங்கள். சிம், மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தெரியாமல் நெம்பினால் தீப்பிடிக்கலாம். பல பேர் கையுறைகூட இல்லாமல்தான் பிரிக்கிறார்கள். வயர்களைச் செம்புக்காக எரிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு.